தாய்மையும் சேர்ந்திசையும்

சென்ற ஆண்டு, எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முந்திய ஒரு மாலைப்பொழுது. மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். இளம் ஆசிரியை ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். விழாவிலே பாடுவதற்காக எங்கள் ஆசிரியர்கள் ஒரு சேர்ந்திசையைப் பயின்றுகொண்டிருந்தனர். அதிலே நல்ல குரல்களுள் இவருடையதும் ஒன்று. "மேடம், என்னைப் பாட்டிலையிருந்து விட்டுவிடுங்கோ" என்றார். காரணம் யாதென வினவினேன். அவர் நிலத்தைப் பார்த்தார். தமக்கு நான்காம் மாதம் நடக்கின்றது என்றும், பாடினால் வயிறு இறுகிப் பிள்ளைக்குத் தீங்கு நேருமென்று வீட்டார் அஞ்சுகின்றனர் என்றும், தமக்கும் அவ்வச்சம் உண்டென்றும் மெல்லிய குரலிற் கூறினார்.

அவரை இருக்கச் சொல்லித் தேநீர் வருவித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அன்று அவருக்குச் சொன்னவற்றைச் சிறிது ஒழுங்குபடுத்தி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். நான் மருத்துவம் கற்றவள் அல்லேன், கலைப் பட்டதாரி. எனினும், பல ஆண்டுகளுக்கு முன்னர் இதே அச்சத்தினாற் பாட்டை விட்டு விலகியவளும், பின்னர் வயிற்றிற் பிள்ளையோடு பாட்டுக்குத் திரும்பியவளும் ஆதலின், இதைப்பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமையுண்டு என நினைக்கின்றேன்.

பன்னிரண்டாம் வயதிலிருந்தே நான் எங்களூர்த் தேவாலயப் பாடகர் குழாமிற் பாடிவந்தேன். பாடகர் குழாமில் நால்வகைக் குரல்கள் உண்டென்பதை நேயர்கள் பலர் அறிவர். பெண்களுள் உயர்ந்த குரலினர் சொப்ரானோ. தாழ்ந்த குரலினர் ஆல்டோ. ஆண்களுள் உயர்ந்த குரலினர் டெனர். தாழ்ந்த குரலினர் பாஸ். மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவுக்கே உரியது. சபையார் வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுத்துச் செல்வது அதனையே. ஆல்டோவோ இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனைத் தனியே கேட்டால் ஒரு பாட்டென்றே எவரும் கொள்ளார். ஆனால், அதனை எடுத்துவிட்டால் முழுப் பாட்டும் வெறுமையாகிவிடும். கூரையைத் தாங்கும் வளையை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதுபோன்றதே ஆல்டோவும். நான் ஆல்டோ பாடினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

2000 ஆம் ஆண்டில், மணமாகி இரண்டாம் வருடம், நான் முதன்முறையாகக் கருவுற்றேன். மூன்றாம் மாதம் முடியுமுன்பே அக்கரு கலைந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஆராதனையிற் பாடியிருந்தேன். ஆறுதல் கூற வந்தோர் எல்லாரும் நல்லவர்களே. எனக்குத் தீங்கு நினைத்தவர் ஒருவரும் இல்லை. ஆயினும், ஒரு துன்பம் நேர்ந்தால் அதற்குக் காரணம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்த பின்னரே மனித மனம் ஆறும்போலும். "பிள்ளைத்தாச்சி எழும்பி நின்று இழுத்துப் பாடலாமே?" என்று ஒருவர் கேட்டார். அவ்வொரு வினா போதியதாயிற்று. கேட்டவர் அதனை மறந்திருப்பார், நான் மறக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை அலுமாரியின் அடித்தட்டில் வைத்து மூடினேன். ஞாயிற்றுக்கிழமைகளிற் சபையாரோடு சேர்ந்து வாயசைத்தேனேயன்றிக் குரலெடுத்துப் பாடவில்லை. என் பிள்ளை போனதற்கு என் பாட்டே காரணமென்று இரண்டு ஆண்டுகள் உள்ளூர நம்பியிருந்தேன். கணவரிடங்கூட அதனைச் சொன்னதில்லை.

2002 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தை விட்டுப் போயிருந்தோர் பலர் வந்து சென்றனர். சிலர் வந்து தங்கினர். பூட்டிக்கிடந்த வீடுகளில் மறுபடியும் விளக்கெரிந்தது. நாலைந்து பேராகக் குறைந்துபோயிருந்த எங்கள் பாடகர் குழாமும் மீண்டும் பெருகியது. அவ்வாண்டு நத்தாருக்கு நான்கு குரலிலும் பாடுவதென்று தீர்மானித்தார்கள். ஆல்டோ வரிசைக்கு ஆள் போதாதென்று என்னிடம் ஆள் அனுப்பினார்கள். அப்பொழுது நான் மறுபடியும் கருவுற்றிருந்தேன். வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன்.

வீடு தேடி வரும் மருத்துவமாது இந்நாட்டுத் தாய்மாருக்குக் கிடைத்த ஒரு பெரும்பேறு. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்துவந்த ஏற்பாடு அது. எங்கள் பகுதி மருத்துவமாது சைக்கிளில் வருவார். ஒருநாள் என் அட்டையில் நிறையைக் குறித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "ரீச்சருக்கு என்ன யோசனை?" என்று கேட்டார். எவரிடமும் சொல்லாத அக்கதையை அன்று அவரிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. முதல் 12 வாரங்களுள் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் நிறமூர்த்தங்களில் ஏற்படும் பிறழ்வுகளால் நிகழ்பவை என்றும், அப்பிறழ்வுகள் பெரும்பாலும் கருத்தரிக்கும் வேளையிலேயே நேர்ந்துவிடுபவை என்றும் விளக்கினார். படியேறியதால், பயந்ததால், பாடியதால் அவை உண்டாவதில்லை. பின்னர், "ரீச்சர், அந்தப் பிள்ளை போனதுக்கும் உங்கடை பாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை ஆரும் உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்க வேணும்" என்றார். அவர் போனபின் நான் வெகுநேரம் அழுதேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அழுதிருக்கவேண்டிய அழுகை அது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது வைத்தியரிடமும் கேட்டேன். இரத்த அழுத்தம் சீராக இருந்தது. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவில்லை. வேறு குறையும் இல்லை. பாடலாம் என்றார். ஒக்டோபர் மாதத்தில், ஐந்தாம் மாதப் பிள்ளையோடு, நான் பயிற்சிக்குப் போனேன். மாமி அதற்குச் சம்மதம் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. "உன்ரை விருப்பம்" என்றார். ஆனால், நான் புறப்படும்போதெல்லாம் ஒரு போத்தலில் இளஞ்சூட்டு நீர் ஊற்றி என் கைப்பையில் வைத்துவிடுவார்.

முதல் நாட் பயிற்சியிலேயே ஒன்றைக் கண்டேன். எனக்கு மூச்சு இல்லை. முன்னர் ஒரே மூச்சிற் பாடிய வரியின் பாதிக்கு வருமுன்பே காற்று தீர்ந்துபோயிற்று. நான் வெட்கிப் பாட்டை நிறுத்தினேன். குழாமை நடத்திய முதியவர் அதனைக் கவனித்தார். எல்லாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு முடிந்தபின் என்னருகில் வந்து, "மூச்சு முடியிற இடத்திலை விடுங்கோ. பக்கத்திலை நிற்கிறவ பிடிச்சுக்கொள்ளுவா. எடுத்த பிறகு மெள்ளச் சேருங்கோ" என்றார்.

நேயர்களே, இது அவர் எனக்கெனக் கண்டுபிடித்த சலுகையன்று. எல்லாப் பாடகர் குழாமுக்கும் உரிய பழைய முறை. நீண்ட வரி ஒன்றைப் பாடும்போது வரிசையிலுள்ளோர் அனைவரும் ஓரிடத்தில் மூச்சு வாங்கலாகாது. ஒருவர் வாங்கும்போது அடுத்தவர் பாடிக்கொண்டிருப்பார். அவர் வாங்கும்போது முன்னவர் வந்து சேர்ந்துகொள்வார். கேட்போருக்கு வரி அறுந்ததே தெரியாது. எங்கள் கோயில் வீதிகளில் இரண்டு நாதசுரக்காரர் மாறி மாறி வாசிக்கும்போதும் இதனைக் காண்கின்றோம். தனித்துப் பாடுபவருக்கு மூச்சுக் குறைவு ஒரு குற்றம். சேர்ந்து பாடுமிடத்தில் அது குற்றமே அன்று, எல்லாருக்கும் நிகழ்வது, எல்லாராலும் தாங்கப்படுவது. இருபது ஆண்டுகள் அம்முறைப்படி பாடியும் அதன் பொருளை நான் அறிந்தது அன்றுதான்.

கருவுற்ற பெண்ணுக்கு மூச்சு ஏன் குறைகின்றது என்பதையும் சிறிது கூறவேண்டும். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடே மூச்சுக்கு முதன்மையான தசை. கருப்பை வளர வளர அது மேலே தள்ளப்படுகின்றது. இறுதி மாதங்களில் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடுகின்றது. இயற்கை அதற்கு ஈடு செய்யாமல் விடுவதில்லை. கீழ் விலா என்புகள் அகன்று கொடுக்கின்றன. மார்பின் சுற்றளவு 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை கூடுகின்றது. புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனின் தூண்டுதலால் ஒவ்வொரு மூச்சும் முன்னையிலும் ஆழமாகின்றது. ஆனால், மூச்சை வெளிவிட்டபின் நுரையீரலில் எஞ்சிநிற்கும் காற்று ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்துவிடுகின்றது. அதேவேளை, உடலின் ஒட்சிசன் தேவையோ கூடுகின்றது. ஆகவே, நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கத் தாயிடம் சேமிப்பு இல்லை. மேலும், மூக்கினுள்ளும் குரல் நாண்களிலும் சிறிது வீக்கம் உண்டாவதால் உயர்ந்த சுரங்கள் சிலருக்கு எட்டாமற் போகின்றன. சொப்ரானோ பாடியவர் சில மாதங்களுக்கு ஆல்டோ வரிசைக்கு வந்து நிற்பது இதனாலேயே. அவர்களை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்போம்!

இனி, பிள்ளையைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். வயிற்றிலிருக்கும் குழந்தை கேட்குமா? கேட்குமென்றே நம் முன்னோர் கொண்டனர். தாயின் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைப் பிரகலாதன் கேட்டான். சக்கரவியூகத்தினுட் புகும் வழியை அபிமன்யு கேட்டான். சீமந்தச் சடங்கின்போது வீணை வாசிப்போர் இருவரை அழைத்துப் பாடச் சொல்லும்படி ஆசுவலாயன கிருகிய சூத்திரம் விதிக்கின்றது. ஆக, பிள்ளைத்தாய்ச்சியின் அருகில் பாட்டு இருத்தல் ஆகாது என்பது பழைய வழக்கமும் அன்று.

விஞ்ஞானிகளும் இதனை ஆராய்ந்துள்ளனர். காதின் உள்ளுறுப்புகள் ஐந்தாம் மாதமளவில் உருவாகிவிடுகின்றன. ஆறாம், ஏழாம் மாதங்களிலே குழந்தை ஒலிக்கு அசைந்து கொடுக்கின்றது. தாழ்ந்த ஒலிகள் நீரூடாக எளிதிற் செல்லும், உயர்ந்தவை மங்கிப்போகும். எல்லா ஒலிகளிலும் தெளிவாகச் சென்று சேர்வது தாயின் குரலே. அது வெளியிலிருந்து காற்றின் வழியாக மாத்திரம் செல்வதன்று. அவளுடைய உடலினூடாகவே செல்வது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் அந்தோனி டிகாஸ்பர், வில்லியம் பைஃபர் என்னும் இருவர் செய்த ஆய்வு புகழ்பெற்றது. பிறந்து சில நாட்களேயான குழந்தைகள், ஒரு சூப்பியைச் சூப்பும் முறையை மாற்றுவதன் மூலம் தாயின் குரலையோ வேறொரு பெண்ணின் குரலையோ வரவழைக்கக்கூடிய ஓர் ஏற்பாட்டை அவர்கள் செய்தனர். குழந்தைகள் தாயின் குரலையே வேண்டின. 1986 இல் டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்சும் இன்னொன்றைக் கண்டனர். கடைசி ஆறு வாரங்களில் தாய் நாள்தோறும் உரக்கப் படித்த கதையைக் குழந்தை பிறந்தபின் இனங்கண்டு விரும்பியது.

இவை உண்மை. ஆனால், இவற்றின்மேற் கட்டப்பட்ட பொய்யும் ஒன்றுண்டு. 1993 இல் கலிபோர்னியாவில் மாணவர் 36 பேர் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடங்கள் கேட்டபின் ஒருவகைப் புதிர்ச் சோதனையிற் சிறிது கூடிய புள்ளி பெற்றனர். அவர்கள் பல்கலைக்கழக மாணவர், குழந்தைகள் அல்லர். அப்பயனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. இருந்தும், மொசார்ட்டைக் கேட்டாற் பிள்ளை மேதையாகும் என்னும் கதை உலகெங்கும் பரவியது. 1998 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க அரசாங்கப் பணம் கேட்டார்! நேயர்களே, பிள்ளை மேதையாகவேண்டும் என்பதற்காகப் பாடாதீர்கள். என் மகள் பிறப்பதற்கு முன்னரே நான்கு மாதங்கள் நான்கு குரல் இசையைக் கேட்டவள். அவளுக்குப் பாட்டு வராது. கணக்கியல் படித்தாள். பாட்டு பிள்ளைக்குக் கொடுக்கும் சீதனமன்று. அது முதலில் தாய்க்கு உணவு.

அவ்வுணவு எத்தகையது? 2013 ஆம் ஆண்டில் சுவீடனின் கோதன்பேர்க் நகரத்து ஆய்வாளர் சிலர், சேர்ந்து பாடும் மாணவரின் இதயத்துடிப்பை அளந்தனர். ஒரே வரியைப் பாடும்போது எல்லாரும் ஒத்து மூச்சுவிடுவதால் அவர்களுடைய இதயத்துடிப்பும் ஒத்தே கூடிக் குறைவதைக் கண்டனர். இளம் பருவத்தில் நானும் என் தோழிகளும் அக்கருவி எதுவுமின்றியே அதனை அறிந்திருந்தோம். தனக்குள்ளே ஓர் உயிரைச் சுமப்பவள் சில வேளைகளில் உலகத்திலே தான் ஒருத்தியே என்று நினைக்கின்றாள். அந்நினைப்பைக் கலைப்பதற்கு, இருபது பேரோடு சேர்ந்து மூச்செடுப்பதைக் காட்டிலும் நல்ல வழியை நான் அறியேன்.

இவ்வளவும் சொன்னபின் எச்சரிக்கையும் சொல்லுதல் என் கடமை. முதலாவது, வைத்தியரையோ மருத்துவமாதையோ கேளாமல் எதுவும் செய்யவேண்டாம். இரத்தப்போக்கு, உயர்ந்த இரத்த அழுத்தம், கடுமையான இரத்தச்சோகை, சூல்வித்தகம் கீழே அமைந்திருத்தல், காலமல்லாக் காலத்தில் வயிற்றுவலி, இருந்த இடத்திலேயே மூச்சு முட்டுதல் ஆகிய இவற்றுள் ஒன்றிருந்தால் வைத்தியர் சொல்வதே முடிந்த முடிபு. இரண்டாவது, நெடுநேரம் அசையாமல் நிற்கலாகாது. கால்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றும். நாற்காலியின் முன்விளிம்பில் முதுகை நிமிர்த்தி இருந்து பாடலாம். அதனாற் குரலுக்கு ஒரு குறைவும் வராது. மூன்றாவது, வயிறு நிறைய உண்டவுடன் பாடவேண்டாம், நெஞ்செரிவு உண்டாகும். பட்டினியோடும் பாடவேண்டாம். அடிக்கடி சிறிது நீர் பருகவேண்டும். நான்காவது, ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் பறை மேளங்களுக்கும் அருகில் நிற்கவேண்டாம். மனிதக் குரல்கள் தீங்கு செய்வதில்லை. தாழ்ந்த பேரிரைச்சலோ வயிற்றினுட் புகும். ஐந்தாவது, தலை சுற்றினாலோ வயிறு இறுகினாலோ உடனே நிறுத்தி இருந்துவிடவேண்டும். பாட்டு நின்றுபோகாது. பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்வார்.

டிசெம்பர் மாத நத்தார்ப் பாட்டு ஆராதனையின்போது எனக்கு ஏழாம் மாதம் நடந்தது. ஆல்டோ வரிசையின் ஓரத்தில், கதவுக்கு அருகே, எனக்கொரு நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று பாடிய பாட்டுகளுள் எங்கள் வரி மூன்று சுரங்களுக்குள்ளே அடங்கிய பாட்டொன்று இருந்தது. அதன் நடுவில் எனக்கு நான்கு இடங்களில் மூச்சு முடிந்தது. நான்கு இடங்களிலும் பக்கத்திலிருந்தவர் பாட்டைக் கொண்டுசென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நான் இழந்த பிள்ளையையும் அன்று நினைத்தேன். அந்நினைவு முதன்முறையாகக் குற்ற உணர்வு இல்லாமல், துக்கமாக மாத்திரம் வந்தது.

மகள் பெப்ரவரியிற் பிறந்தாள். பிறந்த சில வாரங்கள் எனக்கு இருண்ட காலமாயின. உறக்கமில்லை, காரணமின்றிக் கண்ணீர் வந்தது, பிள்ளையின் முகத்தைப் பார்த்தும் மனம் மலரவில்லை. குழந்தை பிறந்தபின் சில நாட்கள் மனம் கலங்குதல் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மறைக்காமல் மருத்துவமாதிடம் சொல்லவேண்டும். நான் சொன்னேன். அவரே வைத்தியரிடம் அனுப்பினார். அவ்வேளையில் எங்கள் குழாமிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்து விறாந்தையிற் பாய் விரித்து இருந்து இரண்டு பாட்டுப் பாடினார்கள். நான் உள்ளேயிருந்து கேட்டேன். அடுத்த வாரமும் வந்தார்கள்; அப்போது நான் வெளியே வந்து அவர்களோடு இருந்தேன். மூன்றாம் வாரம் பாடினேன்.

இது வெறும் அன்பின் செயலென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். 2018 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டெய்சி ஃபான்கோர்ட், ரோசி பெர்கின்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வைப்பற்றி அறிந்தபோது வியந்தேன். மகப்பேற்றின்பின் மனச்சோர்வுற்ற தாய்மார் 134 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் பத்து வாரங்கள் குழந்தைகளோடு கூடிப் பாடினர். ஒரு பிரிவினர் குழந்தைகளோடு கூடி விளையாடினர். ஒரு பிரிவினர் வழமையான கவனிப்பையே பெற்றனர். காலஞ்செல்ல மூன்று பிரிவினரும் தேறினர். ஆனால், சோர்வு மிகுந்திருந்தோருள், பாடியவர்கள் முந்தித் தேறினர். பாட்டு மருந்துக்குப் பதிலாகாது. எனினும், துயரிலிருக்கும் தாய்க்கு ஒரு வாரம் முந்தி வரும் விடிவும் சிறிய காரியமன்று.

அக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மகள் இரவில் அழும்போது நான் என் ஆல்டோ வரியையே முணுமுணுப்பேன். வேறு பாட்டு எனக்கு வாயில் வருவதில்லை. எல்லாரும் அறிந்த மெட்டை விட்டு, ஒருவரும் அறியாத அந்த மூன்று சுர வரிக்கே அவள் அடங்குவாள். அவள் உள்ளிருந்து மிகத் தெளிவாகக் கேட்டது அதனையாய் இருக்கலாம். இது தாயின் எண்ணமேயன்றி ஆய்வு அன்று, அப்படியே கொள்ளுங்கள். "இதென்ன பாட்டு? தலையும் இல்லை, வாலும் இல்லை" என்று மாமி கேட்பார். ஒருநாள் பின்னிரவில் நான் களைத்து உறங்கிவிட்டேன். விழித்தபோது பக்கத்திற் பிள்ளை இல்லை. எழுந்துபோய்ப் பார்த்தேன். பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு மாமி கூடத்தில் உலாவிக்கொண்டிருந்தார். தலையும் வாலும் இல்லாத அவ்வரியை, சுரம் சிறிது பிசகினாலும் வரி பிசகாமல், முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அரவமின்றித் திரும்பிவந்து படுத்துக்கொண்டேன். மாமி இன்று இல்லை. என் மூச்சு முடிந்த இடத்தில் அன்று அவரே பிடித்துக்கொண்டார்.

பெண்கள் சேர்ந்து பாடுதல் நமக்குப் புதிய பழக்கமன்று. மார்கழி விடியலிற் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிப் பாடும் பாடல்களாகவே மணிவாசகர் திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் அமைத்தார். அக்காலத்திற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க நம் ஊர்களிலும் பாட்டு எழுகின்றது. 1816 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபின், 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை எழுந்தது. இத்தகைய பாடசாலைகளும் தேவாலயங்களும் நான்கு குரலிசையை நம்மவரிடையே வேரூன்றச் செய்தன. நாற்று நடும் வயலில் பாட்டு, அம்மன் கோயிலிற் பாட்டு, தேவாலயத்திற் பாட்டு. இவற்றிலிருந்தெல்லாம், ஒரு பெண்ணுக்குத் துணை மிகவும் வேண்டிய ஒன்பது மாதங்களில் மாத்திரம் அவளை ஏன் விலக்கிவைக்கவேண்டும்?

ஆகவே, குழுக்களை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இது. கருவுற்ற பெண் வந்தால் வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். அவள் இருந்து பாடட்டும். விரும்பியபோது எழுந்து போகட்டும். ஒரு வாரம் வராவிட்டால் ஏனென்று கண்டிக்காமல், எப்படியிருக்கின்றாள் என்று விசாரியுங்கள். வீட்டிலுள்ள பெரியோருக்கும் ஒன்று சொல்வேன். ஒரு கரு கலைந்தால் அத்தாய் அண்மையிற் செய்த காரியங்களிலே காரணம் தேடாதீர்கள். நீங்கள் மறந்துவிடும் ஒரு சொல்லை அவள் ஆண்டுக்கணக்கிற் சுமப்பாள்.

எங்கள் இளம் ஆசிரியை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அன்று அவர் ஒன்றும் சொல்லாமற் போனார். அவ்வார இறுதியில் வைத்தியரைக் கண்டு கேட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தபோது, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. யார் நிரப்பிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வரிசையின் ஓரத்தில் அவருக்கென ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். அவர் வந்து அதில் அமர்ந்தார். பாட்டுத் தொடங்கிற்று. இரண்டாவது வரியிலேயே அவருக்கு மூச்சு முடிந்தது. பக்கத்தில் நின்றவர் பாடிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.